ஏணியக்காவும் தொப்பைப் பனையும்

உயரத்துக்குப் போனால் சிலருக்குத் தலை சுற்றும், சிலருக்குக் கால் நடுங்கும். ஏணியக்காவுக்குச் சிரிப்பு வரும். லேசுப்பட்ட சிரிப்பு இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மூச்சு வாங்க வாங்கச் சிரிக்கிற சிரிப்பு. சின்ன வயதில் ஊஞ்சலில் ஆடும்போது ஆரம்பித்தது. அம்மா பயந்துபோய் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் அவளை மேஜைமேல் ஏற்றி நிற்க வைத்தார், சிரித்தாள். இறக்கிவிட்டார், நிறுத்திக்கொண்டாள். மறுபடியும் ஏற்றினார், இறக்கினார். கடைசியில் டாக்டருக்கே சிரிப்புத் தொற்றிக்கொண்டதால் மருந்து எதுவும் எழுதாமல் அனுப்பிவிட்டார்.

தரையில் அவள் இருக்கிற இடமே தெரியாது. நகராட்சியின் தெருவிளக்குப் பிரிவில், எந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை என்று போனில் கேட்டு எழுதிக்கொள்ளும் நாற்காலியில்தான் முதலில் உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் பல்பு மாற்றுகிற ஆள் முதுகு பிடித்துக்கொண்டது என்று வரவில்லை. மார்க்கெட் தெரு முழுக்க இருட்டு. "யாராவது ஏறுங்கப்பா!" என்று சூப்பர்வைசர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தபோது, இவள் பேனாவை மூடி வைத்துவிட்டுப் போய் வண்டியில் ஏறி நின்றாள். அது முதுகில் மடக்கு இரும்புக் கை வைத்த லாரி. கையின் நுனியில் இடுப்பளவு ஆழத்தில் ஒரு தொட்டி. ஆள் அதற்குள் நிற்க, கை மேலே தூக்கும். தொட்டி மேலே போகப் போக இருட்டுக்குள்ளிருந்து சிரிப்பு கொட்டியது. மார்க்கெட்டே அண்ணாந்து பார்த்தது. விளக்கு எரிந்தது. அன்றோடு அந்த நாற்காலிக்கு வேறு ஆள் பார்க்க வேண்டியதாயிற்று.

அதிலிருந்து அவள் ஊருக்கே ஏணியக்கா. வயதில் மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தங்கை பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். பார்லருக்கு மேலே இரண்டு அறை. அதில் அக்காவும் தங்கையும் குடியிருந்தார்கள். "இன்னும் ஏங்க கல்யாணம் பண்ணிக்கல?" என்று முடி வெட்ட வருகிறவர்கள் விசாரித்தால், "கீழ யாரும் கண்ணுல படல" என்பாள் ஏணியக்கா. வயது நாற்பதைத் தொட்டிருந்தது. அவள் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

பஸ் டிப்போவில் வாசல் விளக்கு எரியவில்லை என்று புகார் வந்த அன்று எல்லாம் ஆரம்பித்தது. வேலையை முடித்து, பழைய பல்பைப் பையில் போட்டுக்கொண்டு, கீழே இறக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். லாரியை ஓட்டுகிற டிரைவர் அண்ணன் கொட்டாவி விட்டுக்கொண்டே நெம்புகோலைப் பிடித்தார். அப்போதுதான் அந்தக் குரல்.

"இறங்காதீங்க!"

இத்தனை வருஷ வேலையில் 'பாத்து இறங்குங்க' என்று கேட்டிருக்கிறாள். இறங்காதே என்று யாரும் சொன்னதில்லை. எட்டிப் பார்த்தாள். தோளில் பையும் கழுத்தில் பைனாகுலரும் தொங்க, முப்பது வயதுப் பெண் ஒருத்தி டிப்போ வாசலில் ஓடிவந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் இருங்க! உங்க வலது பக்கம் ஒரு மரம் இருக்குல்ல, அதுல பாளை வந்திருக்கா பாருங்க!"

"என்ன வந்திருக்கா?"

"பாளை! இலைக்கு அடியில, கத்தி உறை மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும்!"

மரம் என்னவோ அங்கேதான் நின்றது. பனை ஜாதி. ஆனால் தண்டு நடுவில் புடைத்து, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்தவர் மாதிரி இருக்கும். டிப்போ மெக்கானிக்குகள் அதைத் தொப்பை என்பார்கள். யார் நட்டது, எப்போது நட்டது, யாருக்கும் தெரியாது. அதன் வயிற்றைச் சுற்றி ஒரு கயிறு கட்டி, கழுவின துணிகளைக் காயப்போட்டிருந்தார்கள்.

ஏணியக்கா தொட்டியைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லி ஓலைகளை விலக்கிப் பார்த்தாள். "ஒண்ணு இருக்கு. என் கை நீளம்!" என்றாள் சிரித்துக்கொண்டே.

 குனிந்து பார்த்தால் அந்தப் பெண் எண்ணெய்க் கறை படிந்த தரையிலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஒரு கல்லூரியில் தாவரவியல் பேராசிரியை. பனை வகை மரங்களில் ஆராய்ச்சி. டிரைவர் அண்ணன் அன்றே அவளுக்குப் பனை மேடம் என்று பெயர் வைத்துவிட்டார். லாரி நிழலில் உட்கார்ந்து, மூச்சு விடாமல் அவள் சொன்ன கதை இதுதான். இந்தப் பனை உலகத்தில் ஒரே ஒரு சுண்ணாம்புக்கல் மலையில்தான் தானாக முளைக்கும். அந்த மலையைத்தான் சிமெண்டுக்காக வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் படிக்கப்போன காலத்தில் அங்கே ஒரு தோப்பே இருந்தது. படித்து முடிப்பதற்குள் தோப்பும் இல்லை, தோப்பு நின்ற பாறையும் இல்லை. எங்கெங்கோ பூங்காக்களில் சில மரங்கள் மிச்சம்.

"அதெல்லாம் ஆண் மரம் அக்கா. ஒரு பொண்ணு கிடையாது. பஸ் ஜன்னல்ல இருந்து இந்த மரத்த பாத்தேன். அப்படியே குதிச்சு ஓடிவந்தேன்."

"இது பொண்ணா?"

"பாளை வெடிச்சாத்தான் தெரியும்."

டிரைவர் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, பல்பு மாத்த வந்த இடத்துல மரத்துக்குப் பொண்ணு தேடுறீங்களே!"

அன்று முதல் மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் டிப்போவில்தான். சாப்பிடுகிற நேரத்தில் வண்டி எங்கே நின்றாலும் தனக்குக் கவலையில்லை என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். ஏணியக்கா மேலே போய்ப் பாளையைப் பார்ப்பாள். கீழே பனை மேடம் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்பாள். அவளுக்கு உயரமென்றால் உயிர் போய்விடும். ஒரு தடவை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு தொட்டிக்குள் ஏறினாள். தொட்டி முழங்கால் உயரம்கூடப் போகவில்லை, கண்ணை மூடிக்கொண்டு ஏணியக்காவின் கழுத்தைக் கட்டிப்பிடித்த பிடியில் ஏணியக்காவுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

பாளை வெடித்த நாளில் ஏணியக்கா போனில் படமெடுத்துக் கீழே கொண்டுவந்தாள். மரத்தின் பூ என்றால் ஏதோ பெரிதாக எதிர்பார்த்திருந்தாள். நூல் நூலாகத் தொங்கின காம்புகளில் மணி மணியாக ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். பனை மேடம் படத்தைப் பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள். பிறகு போனைத் தூக்கிப் போட்டுவிட்டு டிரைவர் அண்ணனைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள்.

"பொண்ணு! பொண்ணு!"

டிரைவர் அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அவரும் குதித்தார். பட்டறையிலிருந்து மெக்கானிக்குகள் ஸ்பானரோடு ஓடிவந்து, யாருக்குக் குழந்தை பிறந்தது என்று கேட்டார்கள்.

மறுநாள் காலையிலேயே பனை மேடம் ஐஸ் பெட்டியோடு வந்து நின்றாள். பூங்காவில் இருந்த ஆண் மரமொன்றின் மகரந்தத்தை ஒரு கண்ணாடிக் குப்பியில் உறைய வைத்திருந்தாள். வாசனை போடாத பவுடரில் அதைக் கலந்து பூக்கள் மேல் தூவ வேண்டும். தூவுவதற்குக் கொண்டுவந்திருந்த ரப்பர் பம்பு அமுக்கினதும் கிழிந்து தொலைந்தது. பனை மேடத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. ஏணியக்கா தங்கைக்குப் போன் போட்டாள். தங்கை, கன்னத்துக்கு ரூஜ் தடவுகிற பிரஷ்களில் புசுபுசுவென்று இருந்ததை எடுத்துக்கொண்டு, பாதி அலங்காரத்தில் ஒரு வாடிக்கைக்காரியை உட்கார வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

தொட்டி மேலே போனது. சிரிப்பும் மேலே போனது.

"அக்கா, ஒரு நிமிஷம் மட்டும் சிரிக்காதீங்க! பவுடர் பறந்துடும்!"

"முடியலயே!"

பிரஷை எடுத்துத் தடவத்தான் தடவினாள். ஆனால் சிரிப்பில் விட்ட பெருமூச்சில் குப்பியிலிருந்த பவுடரெல்லாம் ஒரு புகைமூட்டமாகக் கிளம்பிவிட்டது. பூக்குலைமேல் ஒரு பங்கு, அவள் முகத்தில் ஒரு பங்கு. கண் இமைகூட வெளுத்துப்போய், மாவு மூட்டைக்குள் விழுந்து எழுந்தவள் போல இறங்கி வந்தாள். எல்லாம் போச்சு என்று பனை மேடம் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தங்கை மட்டும் அக்காவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் பின்பக்கமா போ. என் கஸ்டமர் யாராவது பாத்தா நான் கடையை மூட வேண்டியதுதான்" என்றாள்.

சில வாரங்களில் மணிகள் பச்சையாகத் திரண்டன. பெருமூச்சு வேலை செய்திருந்தது. ஏணியக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தெருவில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும், "காய் பிடிச்சிருக்கு" என்றாள். அவர்களும் சந்தோஷம் என்றார்கள், எதற்கென்று தெரியாமலே.

அந்தச் சமயத்தில்தான் டிப்போவை மூடுகிறார்கள் என்ற சேதி வந்தது. நிலத்தை விற்றாகிவிட்டது, கடை வளாகம் வரப்போகிறது. மேனேஜர் கெட்டவரில்லை. "மரத்த வெட்ட எனக்கும் மனசு வரல. நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க. மழைக்கு முன்னாடி அஸ்திவாரம் தோண்டணும், அதுக்குள்ள" என்றார். கல்லூரித் தோட்டம் ஊரின் மறுகோடியில் இருந்தது. பனை வகைக்கு ஆணிவேர் கிடையாது. வேர்க்கட்டோடு பெயர்த்து நட்டால் புது வேர் விடும் என்றாள் பனை மேடம். சிக்கல் குலைதான். காய் முற்ற இன்னும் பல மாதம் ஆகும். வெட்டினால் பாழ்.

"நிறைமாசக்காரிய வீடு மாத்தறதுன்னு சொல்லுங்க" என்றாள் தங்கை.

துறைமுகத்தில் கப்பல் சரக்கு தூக்குகிற கம்பெனி ஒன்று ஞாயிற்றுக்கிழமைக்குக் கிரேன் தர ஒப்புக்கொண்டது. கிரேனோடு ஒரு கிரேன்காரரும் வந்தார். நெட்டையான மனிதர், காதோரம் நரை. வந்தார், மரத்தைச் சுற்றி வந்தார், வணக்கம் என்றார், கேபினில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அதற்குமேல் பேச்சில்லை.

ஏணியக்கா தொட்டியில் போய் ஓலைகளை மேல்நோக்கிச் சேர்த்துக் கட்டினாள். குலையைப் பழைய போர்வைகளால் சுற்றினாள். வேர்க்கட்டுக்கு ஈரச் சாக்கு. பட்டறைக் கூரை மறைத்ததால் கிரேன்காரருக்கு மரத்தின் அடிப்பாகம் தெரியவில்லை. மேலே நின்று சைகை காட்டுகிற பொறுப்பும் ஏணியக்கா தலையில் விழுந்தது. விரலைச் சுழற்றினால் தூக்கு, உள்ளங்கையைக் கவிழ்த்தால் இறக்கு, முஷ்டியைக் காட்டினால் நிறுத்து.

மரம் மண்ணைவிட்டுக் கிளம்பியது. அத்தனை பெரிய உருவம் அந்தரத்தில் லேசாக ஆடுவதைப் பார்த்ததும் ஏணியக்காவுக்கு அடிவயிற்றிலிருந்து கிளம்பிவிட்டது. குலுங்கிய குலுங்கலில் கை எங்கே போகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. கிரேன் நின்றது. இறங்கியது. மறுபடி நின்றது. கேபின் கதவு திறந்து கிரேன்காரர் தலையை நீட்டினார். தொட்டியும் கேபினும் ஒரே உயரம். இருவரும் முகத்துக்கு முகம்.

"நீங்க சிரிக்கறீங்களா, நிறுத்தச் சொல்றீங்களா?"

"சிரிக்கறேன்! தூக்குங்க!"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப சிரிப்புக்கும் ஒரு சைகை வெச்சுக்கலாம். தலைமேல ஒரு கைய வைங்க. நான் பாட்டுக்குத் தூக்கறேன்."

ஆக, வலது கை விரலைச் சுழற்ற, இடது கை தலைமேலேயே இருக்க, தொப்பைப் பனை டிப்போ கூரையைத் தாண்டி வந்து டிரெய்லரில் படுத்தது. குலை நசுங்காமலிருக்க, தலைப்பக்கத்துக்கு டிப்போவின் பழைய டயர்களை அடுக்கித் தலையணை வைத்தார்கள்.

அதற்குப் பின் அந்த ஊர் பார்த்த கூத்தை என்னவென்று சொல்வது! முன்னால் ஏணி வண்டி. தொட்டியில் ஏணியக்கா, தாழத் தொங்கும் கேபிள்களை ஒரு மரக்கொம்பால் தூக்கிப் பிடித்தபடி. பின்னால் நத்தை வேகத்தில் டிரெய்லர். அதன் பின்னால் கிரேன். பக்கத்தில் நடந்தபடியே பனை மேடம், "மெதுவா, மெதுவா" என்று ஜபிக்கிறாள். சலூனிலிருந்து பாதி ஷேவிங்கோடு ஒருவர் நுரை வழிய வெளியே வந்தார். பால்கனிகளில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் பிரஷோடு நின்றார்கள். மூன்றாவது தெருவில் பல் டாக்டரின் பெயர்ப்பலகை வழியை மறித்தது. ஆளுயரத்துக்கு ஒரு கடைவாய்ப் பல். டாக்டரே ஸ்டூல் போட்டு ஏறித் திருகாணிகளைக் கழற்றினார். "என் வாழ்க்கையில பிடுங்கினதுலயே பெரிய பல்லு இதுதான்" என்று அவர் சொன்னதும் தெருவே கைதட்டியது.

குலுக்கலில் போர்வைக்குள்ளிருந்து காய்கள் உதிர்ந்தன. பின்னால் வந்த ஜனம் ஒன்றையும் விடவில்லை. ஓடி ஓடிப் பொறுக்கி, "மேடம், உங்க காய் விழுந்துடுச்சு" என்று பனை மேடத்தின் கையில் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிஞ்சில் விழுந்தது எதற்கும் ஆகாது. அதை அவர்களிடம் எப்படிச் சொல்வது? ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி வாங்கி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். பை கிழிகிற அளவுக்கு நிறைந்தது.

மருந்துக்கடை முனையில் டிரெய்லர் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. ஆளுக்கு ஆள் யோசனை சொன்னார்கள்; கடைச் சுவரை இடிக்கலாம் என்றுகூட ஒருவர் சொன்னார், அவர் கடைக்காரரில்லை. கிரேன்காரர் ஒன்றும் பேசாமல் கிரேனை ஓரமாக நிறுத்தி, மரத்தின் தலைப்பக்கத்தை மட்டும் கிரேனின் நைலான் பட்டையில் மாட்டித் தூக்கினார். குலையும் ஓலையுமாகத் தொப்பைப் பனையின் தலை மருந்துக்கடைக் கூரைக்கு மேலே மிதந்துபோக, அடியில் டிரெய்லர் திரும்பியது. ஏணியக்கா தொட்டியிலிருந்து அதைப் பார்த்தாள். முதலில் மரத்தைப் பார்த்தாள். பிறகு கேபினில் உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிறவர் மாதிரிக் கையை நகர்த்திக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்தாள். இரண்டாவதைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்துவிட்டாள்.

நட்டாயிற்று. அதன்பின் சிரிப்புக்கு இடமில்லாத சில மாதங்கள். ஓலைகள் ஒவ்வொன்றாகப் பழுத்து, காய்ந்து, தொங்கின. குலையில் பாதிக் காய்கள் உதிர்ந்துவிட்டன. பனை மேடம் இளைத்துப்போனாள். ஏணியக்கா வேலை முடிந்து தோட்டம் வழியாகத்தான் வீட்டுக்குப் போவாள். போகும்போதெல்லாம் கிரேன்காரரும் அங்கே நிற்பார். துறைமுகத்திலிருந்து எங்கே போகிறவருக்கும் தோட்டம் வழியில் வராது. ஆனாலும் அந்தப் பக்கமாக வந்தேன் என்பார்.

"துறைமுகத்துல கிரேன் மேல தனியா உக்காந்துக்கிட்டு என்ன பண்ணுவீங்க?" என்று ஒரு மாலை இவள் கேட்டாள்.

"சாப்பிடுவேன். கடலப் பாப்பேன். கீழ வந்தா எல்லாரும் பேசிக்கிட்டே இருக்காங்க." மரத்தின் உச்சியைப் பார்த்தபடி கேட்டார். "நீங்க வந்து பாக்கறீங்களா?"

போனாள். துறைமுகக் கிரேனின் கேபின் முன்னே அவளுடைய ஏணி வண்டி வெறும் முக்காலி. பாதி ஏணியிலேயே ஆரம்பித்த சிரிப்பு, உச்சிக்குப் போனபோது அடங்கவே மாட்டேனென்றது. கப்பல்களெல்லாம் தீப்பெட்டி மாதிரித் தெரிந்தன. கிரேன்காரர் கொஞ்ச நேரம் மரியாதையாகத்தான் நின்றார். பிறகு அவருக்கும் தொற்றிக்கொண்டது. பேச்சு வராத மனிதருக்குள் இவ்வளவு சிரிப்பு எங்கே கிடந்ததோ!

வீட்டுக்கு வந்ததும் தங்கை பிடித்துக்கொண்டாள். "என்ன பேசினாரு?"

"ஒண்ணும் பேசல. ரெண்டு பேரும் சிரிச்சோம்."

"அவ்வளவுதானா?"

"போதாதா?"

போதும்தான் போலிருக்கிறது. அடுத்த சில மாதங்களில் கல்யாணப் பதிவு ஆனது. பதிவு அலுவலகம் நான்காவது மாடியில், ஜன்னலோரம். ஏணியக்காவின் கையெழுத்து காகிதத்தைவிட்டு மேஜைக்குப் போய்விட்டது. சாட்சிக் கையெழுத்துப் போட்ட டிரைவர் அண்ணன், "இவ சம்மதம் தெரிவிச்சாளா இல்லையா, சிரிப்புல ஒண்ணும் கேக்கலியே" என்று பதிவாளரிடம் புகார் சொன்னார்.

அதற்கிடையில் நடந்தது ஒன்று உண்டு. பச்சையே இல்லாமல் நின்ற மரத்தின் உச்சியை ஒரு காலையில் பார்க்கப் போன ஏணியக்கா, காய்ந்த ஓலைகளுக்கு நடுவில் ஈட்டி மாதிரி ஒரு பச்சையைப் பார்த்தாள். சுருட்டிய புது ஓலை. சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கையை மட்டும் ஆட்டினாள். பனை மேடம் கீழே நின்று "என்ன? என்ன?" என்று கத்திக்கொண்டேயிருந்தாள். கடைசியில் பொறுக்கமாட்டாமல், அந்தப் பயந்தாங்கொள்ளி, கண்ணைத் திறந்துகொண்டே தொட்டியில் மேலே போய்த் தன் கையால் அதைத் தொட்டுப் பார்த்தாள். இறங்கின பிறகுதான் மயங்கி விழுந்தாள்.

மிச்சமிருந்த காய்கள் பழுத்தன. விதைகளை மண்தொட்டிகளில் ஊன்றினார்கள். பாதிக்கு மேல் முளைக்கவில்லை. முளைத்தவை கோழிக்குஞ்சுகள் போல வரிசையாக நின்றன.

இரண்டு மழை பார்த்த பிறகு நாற்றுகளை மலைக்குக் கொண்டுபோனார்கள். கல் தரமில்லை என்று சிமெண்டுக் கம்பெனி ஒரு சரிவை வெட்டாமல் விட்டிருந்தது, கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். லாரியிலிருந்து இறங்கி அந்த மலையைப் பார்த்தார்கள். கத்தியால் கேக்கை அறுத்த மாதிரி, மலையின் முக்கால்பங்கு நேர்க்கோட்டில் காணாமல் போயிருந்தது. வெள்ளைவெளேரென்று வெறும் சுவர். "அங்கதான் இருந்துச்சு" என்று பனை மேடம் கையை நீட்டினாள். அவள் காட்டிய இடத்தில் வானம்தான் இருந்தது. ஏணியக்கா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

பிறகு வேலை தலைக்குமேல் கிடந்தது. கிரேன்காரர் குழி தோண்டினார். ஏணியக்காவும் தங்கையும் நாற்றை வைத்து மண்ணை அணைத்தார்கள். பனை மேடம் ஒவ்வொரு நாற்றிடமும் குனிந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். டிரைவர் அண்ணன்தான் பாவம். சரிவில் தண்ணீர் கிடையாது என்பதால், அடிவாரத்திலிருந்து கேன் கேனாகச் சுமந்து ஏற்றினார். ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசி என்றார். முழங்காலைச் சபித்தார், சுண்ணாம்புக்கல்லைச் சபித்தார், பனை இனத்தையே சபித்தார். கடைசிக் கேனைத் தொப்பென்று வைத்துவிட்டு மூச்சு வாங்க அதன்மேலேயே உட்கார்ந்தார்.

அப்போது முதல் சொட்டு அவர் மூக்கில் விழுந்தது.

அண்ணாந்து பார்த்தார். நிதானமாக இன்னொரு சொட்டு. அப்புறம் சரிவு முழுக்கச் சடசடவென்று இறங்கிவிட்டது.

"ஏய்!" என்று எழுந்து நின்று வானத்தைப் பார்த்துக் கையை நீட்டினார் டிரைவர் அண்ணன். "கால் மணி நேரம் முன்னாடி வந்திருந்தா என்னவாம்?"

யாரும் லாரிக்கு ஓடவில்லை. நாற்றுகள் தலையாட்டி நனைந்துகொண்டிருந்தன. அவர் மட்டும் காலிக் கேனைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு திட்டிக்கொண்டேயிருந்தார், மழையும் விடாமல் பெய்துகொண்டேயிருந்தது.